சலீம் பாய் காருக்கு ஒரு நன்றியுரை

எனக்குப் பேச வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பேசாமல் இருந்து எனக்கு இதுவரை ஒரு நஷ்டமும் வந்ததில்லை. வந்த நஷ்டமெல்லாம் பேசின நேரத்தில் வந்ததுதான். முதல் முறை ஒரே ஒரு வார்த்தை பேசினேன். ஒரு கார் மண்ணுக்குள் போனது. அடுத்த முறை மைக்கில் பேசினேன். என் சிநேகிதனின் துபாய் போனது.

(என் மனைவி இந்த இடத்தில், "பொண்ணு பாக்க வந்தப்பவும் பேசினீங்களே" என்பாள். அதை இங்கே எழுத முடியாது.)

சுனாமிக்கு அடுத்த வருஷம் நான் ஐடிஐயில் சேர்ந்தேன். மோட்டார் மெக்கானிக் பிரிவு. மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் போய் வர வேண்டும். என் வகுப்பில் இருந்தவன் அன்வர். எங்கள் பக்கத்துத் தெரு. நான் பேசாததற்கும் சேர்த்து அவன் பேசுவான். அதனால் எங்கள் சிநேகிதத்தில் சத்தம் சரியான அளவில் இருந்தது.

எங்கள் சார் எங்கோ ஒரு பெரிய காலேஜில் பையன்கள் போட்ட கார் பத்திரிகையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் வகுப்பில் சொன்னார். "நாமளும் போடறோம். தமிழ்ல போடறோம். இதான் இந்த வருஷ ப்ராஜெக்ட்."

பத்திரிகைக்குச் 'சக்கரம்' என்று பேர் வைத்தார். ஆளுக்கு ஒரு கட்டுரை. ஒருத்தன் கியர் பாக்ஸ் பற்றி எழுதினான். ஒருத்தன் பேட்டரி பராமரிப்பு. அன்வர், 'வளைகுடா நாடுகளில் கார்கள்' என்று நாலு பக்கம் எழுதினான். அவன் அதுவரை திண்டிவனம் தாண்டிப் போனதில்லை. எல்லாம் அவனுடைய மாமு சலீம் பாய் போனில் சொன்னது.

நான் எழுதவில்லை. சார் கேட்டார். "ஏழுமல, உன்னுது எங்க?"

"இல்ல சார்."

"ஏம்பா?"

"தெரில சார்."

"சரி. அட்டைப் பட வேலைய நீ பாரு. உங்க பக்கம் உப்பளம் இருக்குல்ல? வெள்ளையா இருக்கும். நடுவுல ஒரு கார நிறுத்தி போட்டோ எடுத்தா ஃபாரின் மாதிரி இருக்கும்."

உப்பளம் இருந்தது. என் அம்மா அங்கேதான் உப்பு வாருகிற வேலைக்குப் போனாள். போட்டோ எடுக்க வகுப்பில் சேகர் இருந்தான். அவனிடம் கேமரா இருந்தது, படமும் வரைவான். இல்லாதது கார்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே கார் சலீம் பாயுடையது. பழைய கான்டசா. மெரூன் கலர். பாய் துபாயில் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர். வருஷத்தில் ஒரு முறை லீவில் வருவார். அவர் இல்லாத நாளில் வண்டியை அன்வர் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைக்கலாம். ஸ்டார்ட் பண்ணி உறும விடலாம். தெருவைத் தாண்டக் கூடாது. இதுதான் சட்டம். வண்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், ஐடிஐ முடிந்ததும் அன்வரைத் தன்னுடைய வொர்க்‌ஷாப்பிலேயே சேர்த்து விடுவதாகச் சொல்லியிருந்தார். அன்வர் வீட்டில் அவனுக்குக் கீழே மூன்று தங்கைகள். அந்த துபாய்க்காக அவன் அம்மா நோன்பு வைக்காத நாளே இல்லை என்று சொல்லலாம்.

"ஒரு மணி நேரம்தான்டா" என்றான் அன்வர். "மாமுக்கு எப்படித் தெரியும்? அவரு துபாய்ல இருக்காரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. (அப்போது சொல்லியிருக்கலாம்.)

பங்குனி வெயில். சாயங்காலம் வண்டி வந்தது. உப்பளத்துக்கு நடுவே லாரி வருகிற மண் பாதை ஒன்று உண்டு. அதில் நிறுத்தினோம். இரண்டு பக்கமும் பாத்திகள். வரப்பில் புதிதாக வாரிப் போட்ட உப்பு வெள்ளைக் குவியலாக நின்றது.

சேகர் கேமராவை வைத்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "டயருக்குக் கீழ மண்ணு தெரியுது. இது கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்த கார் மாதிரி இருக்குது. டயர் உப்பு மேல நிக்கணும்."

பக்கத்தில் ஒரு பாத்தி காலியாக இருந்தது. முந்தின நாள்தான் உப்பு வாரியிருந்தார்கள். தண்ணீர் இன்னும் விடவில்லை. தரை சிமெண்டு போட்டது போல் வெள்ளையாக, சமமாக இருந்தது.

"இங்க எறக்கலாமா?" என்றான் அன்வர். "தாங்குமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். உப்பளத்து வீட்டுப் பிள்ளை நான்தான்.

உப்புப் பாத்தியை சீசனுக்கு முன்னால் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அதன்மேல் அம்மா நடக்கிறாள். தலையில் உப்புக் கூடையோடு வள்ளி அக்கா நடக்கிறாள். வள்ளி அக்கா நல்ல கனம். அவள் நடந்தே ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் மனதில் வைத்து நான் சொன்னேன்.

"தாங்கும்."

அந்த ஒரு வார்த்தைதான்.

பாத்திக்குள் யாரும் சைக்கிள்கூட இறக்குவதில்லை, அதையும் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அது அப்போது ஞாபகம் வரவில்லை.

வரப்பின் மேல் இரண்டு பலகை போட்டோம். அன்வர் மெதுவாக இறக்கினான். முன் சக்கரம் இறங்கியது. நின்றது. அன்வர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் தலையாட்டினேன். பின் சக்கரமும் இறங்கியது. பாத்திக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினான். உண்மையாகவே ஃபாரின் மாதிரிதான் இருந்தது.

பிறகு வண்டி உட்கார ஆரம்பித்தது.

அவசரப்படவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்த மனுஷன் நாற்காலியில் உட்காருகிற மாதிரி, நிதானமாக, ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது. மேலே கெட்டியாக இருந்தது தோசை கனம்தான். கீழே முழுக்கக் களி. அன்வர் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். சக்கரம் சுற்றியது. கருப்புச் சேறு மழை போல் எழும்பி வரப்பில் இருந்த வெள்ளை உப்புக் குவியல் முழுக்க விழுந்தது. என் மேலும் விழுந்தது. நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தக் குவியல் அம்மாவும் அவளோடு வேலை செய்கிறவர்களும் வாரியது.

சேகர் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. க்ளிக், க்ளிக் என்று எடுத்துக்கொண்டே இருந்தான்.

"டேய், படத்த நிறுத்துடா!" என்று உள்ளேயிருந்து கத்தினான் அன்வர்.

"லைட் நல்லா இருக்குதுடா" என்றான் சேகர்.

சத்தம் கேட்டு அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். ஆறு பேர். முன்னால் என் அம்மா. வந்தவள் காரைப் பார்த்தாள். உப்பைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். சேறு அப்பியிருந்ததால் அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"இன்னாடா இது?"

"காரும்மா."

"கார்னு தெரியுது. ஊர்ல ரோடு இல்ல? இத யாரு உள்ள உட்டது?"

"தாங்கும்னு சொன்னாம்மா" என்றான் அன்வர்.

"தாங்கும்னு யாரு சொன்னது?"

அன்வர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னைக் காட்டினான். "இவன்தாம்மா."

வள்ளி அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அஞ்சல, உம் புள்ள வாயே தொறக்க மாட்டேங்கிறான், பேசவே மாட்டேங்கிறான்னு அழுவியே! தோ, பேசிட்டான் பாரு. சந்தோசமா?"

மேஸ்திரி ஓடி வந்தார். அவருக்குக் குரலே வரவில்லை. கொஞ்சம் தேறியதும் கேட்டார். "ஏம்பா, இது உப்பு வெளையற எடமா, கார் வெளையற எடமா? நட்டு வெச்சிருக்கீங்க?"

வண்டியை வெளியே எடுத்தது அந்த ஆறு பெண்கள்தான். உப்புக் குவியலை மூடுகிற கீற்றுகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். பின்னாலிருந்து தள்ளினார்கள். நாங்கள் முன்னால் கயிறு கட்டி இழுத்தோம். நாங்கள் இழுத்ததைவிட விழுந்ததுதான் அதிகம். தள்ளிக்கொண்டே என்னைத் திட்டினார்கள். என் அப்பா, தாத்தா எல்லோரையும் சேர்த்து. அம்மாவும் திட்டினாள். அவள் திட்டியது அவள் மாமனார் வகையறாவை. இருட்டுவதற்குள் வண்டி பாதைக்கு ஏறிவிட்டது. மெரூன் கலர் எங்கும் தெரியவில்லை.

அன்வர் கையெடுத்துக் கும்பிட்டான். "வாங்கக்கா, எல்லாரும் டீ சாப்பிடலாம்."

"டீ யாருக்கு வேணும்?" என்றாள் வள்ளி அக்கா. "புக்கு போடறீங்கன்னு அஞ்சல சொன்னா. அதுல எங்க பேரு போடு. ஆறு பேருது பேரும். இந்த வண்டிய நாங்கதான் தூக்கினோம்னு."

"போடறோம்க்கா" என்றான் அன்வர்.

"உன்ன கேக்கல. நீ வாய்க்காரன். இவன் சொல்லட்டும்." என்னைப் பார்த்தாள். "போடறியா?"

"போடறேங்க்கா" என்றேன். ஒன்றைச் சொல்லிவிட்டால் எனக்குச் செய்தாக வேண்டும். பேச்சு குறைவாக இருப்பதில் இது ஒரு தொல்லை. எதைச் சொன்னோம் என்று மறக்காது.

மேஸ்திரி வேறொன்று கேட்டார். பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டியாக்கித் தர வேண்டும். தினமும் விடியற்காலையில் மூன்று பேரும் வரிசையாக நின்று மிதித்தோம். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கினால் எப்படி இருக்கும் என்பதை உப்பளத்துப் பிள்ளையாக இருந்தும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"துபாய்ல வொர்க்‌ஷாப் ஏசிடா" என்பான் அன்வர், மிதித்துக்கொண்டே. "மாமு சொன்னாரு. ஷூ போட்டுக்கினு உள்ள போனா தரையில மொகம் தெரியுமாம்."

காரைக் கழுவியது தனிக் கூத்து. முதலில் தெரு அடிபம்பில் கழுவினோம். எங்கள் தெருத் தண்ணீரே உப்பு. காய்ந்ததும் வண்டி முழுக்க மேப் போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாக நாடு நகரமெல்லாம் தெரிந்தது. பிறகு கடலை விட்டுத் தள்ளி இருந்த ஒரு பம்புசெட்டுக்கு ஓட்டிப் போய் நல்ல தண்ணீரில் கழுவினோம். மேலே, உள்ளே, அடியில். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒரு வாரம் தேய்த்திருப்போம். கம்பெனியிலிருந்து வரும்போதுகூட வண்டி அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

சேகரின் படங்கள் கழுவி வந்தன. அருமையான படங்கள். எல்லாவற்றிலும் வண்டி பாதிதான் இருந்தது. அன்வர் அத்தனையையும் பிடுங்கிக் கிழித்துப் போட்டான். அதற்குள் சேகர் ஒன்றைப் பார்த்து அட்டைக்குப் படம் வரைந்து முடித்துவிட்டான். கோட்டுப் படம். அதில் டயர் பாதிதான் இருந்தது. பார்த்ததைத்தான் வரைவேன் என்பது அவனுடைய கொள்கை.

"ஏம்பா, டயர் மீதி எங்க?" என்றார் சார்.

"பெர்ஸ்பெக்டிவ் சார்" என்றான் சேகர்.

சார் மேலே கேட்கவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது. கார் பத்திரிகையை வெளியிட, கார் வைத்திருக்கும் ஒருவர் சிறப்பு விருந்தினராக வர வேண்டும். "அன்வர், உங்க மாமா லீவுல வர்றார்னு சொன்னல்ல?"

அன்வர் எவ்வளவோ தடுத்துப் பார்த்தான். மாமுவுக்கு உடம்பு சரியில்லை என்றான். மாமுவுக்குக் கூச்சம் என்றான். சார் நேராக வீட்டுக்கே போய் அழைத்துவிட்டார். சலீம் பாய் அன்றைக்கே புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

நன்றி சொல்லும் பக்கத்தை சார் என்னிடம்தான் கொடுத்திருந்தார். "நீ ஒண்ணும் எழுதல. இதையாவது எழுது." எழுதினேன். ஆறு பேர் பேரும் எழுதினேன். எதற்கு என்று எழுதவில்லை, அன்வருக்காக. ஆனால் அச்சாகி வந்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு டயர் கடை விளம்பரம் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. 'உதவிய அனைவருக்கும் நன்றி.'

வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போனேன். அம்மா, வள்ளி அக்கா, மற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.

"எங்க பேரு எங்கடா?" என்றாள் அம்மா.

"அனைவருக்கும்னு இருக்குல்ல."

"அனைவருக்கும்னா யாருக்குடா? கல்யாணத்துல மைக்ல சொல்லுவானே, அனைவரும் சாப்டுட்டுப் போங்கன்னு. எவனாவது நம்மள கைப்புடிச்சு கூப்டானா?"

வள்ளி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

"நாளைக்கு விழால நான்தான் நன்றியுரை" என்றேன். "மைக்ல சொல்றேன்."

இப்படித்தான் இரண்டாவது முறை மாட்டிக்கொண்டேன்.

விழா ஐடிஐ ஷெட்டில். இன்ஜின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆயில் வாசனையும் பாயின் சென்ட் வாசனையும் கலந்து வந்தது. மூன்றாவது வரிசையில் ஆறு பெண்கள், பொங்கலுக்கு எடுத்த சேலையில். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அன்வர் அவர்களைப் பார்த்துவிட்டு என்னை இன்ஜினுக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"டேய் ஏழுமல, இன்னாடா இது? இவங்கள யாரு கூப்ட்டது?"

"நான்தான்."

"மாமு ஒக்காந்திருக்காருடா! இந்த லீவுலதான் விசாக்கு பேப்பர் எழுதறாரு!"

"பேரு மட்டும் சொல்றேன்."

"எதுக்குன்னு சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"உங்கம்மா மேல சத்தியமா?"

"அம்மா அங்கதான்டா உக்காந்திருக்குது. பேரு மட்டும்."

சலீம் பாய்க்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புத்தகத்தை வெளியிட்டார். அட்டையைப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டி மாதிரியே இருக்குதே" என்றார். பக்கத்தில் நின்ற அன்வர், "எல்லா காரும் அப்படித்தான மாமு இருக்கும்" என்றான். பாய் சந்தோஷமாகப் பேசத் தொடங்கினார்.

"நான் ஊர்ல இல்லாதப்ப இந்தப் புள்ள என் வண்டிய எப்படி வெச்சிருக்கான் தெரியுங்களா? தெருவத் தாண்டல. ஒரு தூசி இல்ல. வந்ததும் குனிஞ்சு பாத்தேன். அடியில, வண்டிக்கு அடியில கழுவி வெச்சிருக்கான்! அடியில யாருங்க கழுவுவாங்க? சொந்த வண்டி வெச்சிருக்கிறவனே கழுவ மாட்டான். இதுக்குப் பேருதாங்க நம்பிக்க. இன்ஷா அல்லா, இவன எங்கூடவே கூட்டிட்டுப் போறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அடியில் கழுவியது நான்தான்.

"அடுத்து நன்றியுரை. ஏழுமலை" என்றார் சார்.

ஏறினேன். மைக் என் வாய்க்கு வெகு கீழே இருந்தது. ஏற்றத் தெரியாமல் குனிந்து நின்றேன். சாருக்கு நன்றி. அச்சகத்துக்கு நன்றி. டயர் கடைக்கு நன்றி. சிறப்பு விருந்தினருக்கு நன்றி. எல்லாம் சரியாகப் போனது. பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

"உப்பளத்தில் வேலை செய்யும் வள்ளி, குப்பம்மாள், தனலட்சுமி, செல்வி, முனியம்மாள், அஞ்சலை ஆகியோருக்கு நன்றி."

அம்மாவின் பேரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வள்ளி அக்கா எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டாள். கை தட்டல். நான் அதோடு இறங்கியிருக்க வேண்டும். ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன்.

சலீம் பாய் சிரித்துக்கொண்டே சாய்ந்தார். மரியாதைக்குத்தான் கேட்டார். "ஏம்பா, கார் புக்குக்கு உப்பளத்துக்காரங்க இன்னாப்பா செஞ்சாங்க?"

(டீ கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். இடம் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நிழல் கொடுத்தார்கள். எல்லாமே நல்ல பதில்கள். எல்லாமே மறுநாள் பஸ்ஸில் வரும்போது தோன்றின.)

"வண்டி மாட்டிக்கிச்சுங்க. தூக்கினாங்க."

"எந்த வண்டி?"

அன்வரைப் பார்த்தேன். அவன் பாய்க்குப் பின்னால் நின்று, தன் கழுத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டினான். அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். சொல்லு என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா என்று தெரியவில்லை.

"காருங்க."

"அதான்பா, யாரு காரு?"

"உங்க காருங்க."

நல்ல மைக். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டதாம்.

எனக்கு உதவி செய்வதாக நினைத்து வள்ளி அக்கா மூன்றாவது வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள். "மெரூன் கலருங்க பாய்! தங்கமான வண்டி! அச்சு வரைக்கும் எறங்கிடுச்சு, ஒரு கீறல் உழலியே!"

பாய் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்தார். அட்டையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அதான் டயரு பாதியா?" என்றார்.

சேகர் நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டான்.

"யாரு ஓட்டினது?" என்றார் பாய். குரல் ஏறவே இல்லை.

அன்வர் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். எனக்கு அந்த நேரத்தில்தான் என்ன செய்திருக்கிறேன் என்பது முழுதாகப் புரிந்தது. இவனைக் காப்பாற்ற வேண்டும். என் வாழ்க்கையில் அதுவரை சொல்லாத ஒரு பொய்யைச் சொன்னேன்.

"நான்தாங்க ஓட்டினேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

ஷெட்டே சிரித்தது. நான் ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்தது அந்த ஒரு தடவைதான். சார் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினார். "நன்றி, நன்றி! நிகழ்ச்சி முடிந்தது! நாட்டுப்பண்! எல்லாரும் எழுந்து நில்லுங்க!"

எல்லோரும் எழுந்து நின்றோம். நாட்டுப்பண் முடிகிறவரை யாரும் யாரையும் அடிக்க முடியாது. அது சாருடைய சமயோசிதம். மேடையில் பாயும் அன்வரும் எதிரெதிரே, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். அன்வர் அவ்வளவு சத்தமாகப் பாடி நான் கேட்டதில்லை. முடிக்க மனமில்லாமல் கடைசி வரியை இழுத்தான்.

முடிந்ததும் பாய் மேடையிலிருந்து இறங்கினார். நேராக மூன்றாவது வரிசைக்குப் போனார். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்து, ஓரத்தில் நின்ற என் அம்மா கையில் கொடுத்தார்.

"இது உங்களுக்குத்தான்மா சேரணும். என் வண்டிய தூக்கி விட்டிருக்கீங்க. எனக்கே யாரும் சொல்லல."

பிறகு அன்வர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அன்வர் சாவியைக் கொடுத்தான்.

"சேத்துல உட்டதுக்குக் கோவம் இல்லடா" என்றார். "நான் உன் வயசுல லாரியவே கவுத்திருக்கேன். வந்த நாள்லேருந்து எங்கூட ஒரே தட்டுல சாப்பிடற. ஒரு வார்த்த சொன்னியா? இந்த ஊமப் பையன் சொல்றான், நீ சொல்லல. அங்க ஷேக்குங்க காரு ஒவ்வொண்ணும் ஒரு வீடு மாதிரி. எதுனா ஒண்ணு ஆனா மொதல்ல எங்கிட்ட வந்து சொல்றவன்தான் எனக்கு வேணும்."

"மாமு..."

"உப்பு உள்ள எறங்கியிருக்கும். இனிமே துரு வரும். அத நிறுத்து. நிறுத்திட்டு எனக்குப் போன் போடு. அப்ப பாக்கலாம் துபாய."

வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் பஸ்ஸில் வந்தோம். அன்வர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் நான் பேசாதது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

துரு வந்தது. பாய் துபாய் போன பிறகு, அன்வர் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியில் படுத்துச் சுரண்ட ஆரம்பித்தான். நானும் போய்ப் பக்கத்தில் படுத்தேன். அவன் பக்கம் அவன் சுரண்டினான், என் பக்கம் நான் சுரண்டினேன். இப்படியே எத்தனையோ வாரம். ஒரு நாள் அவன், "பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு" என்றான். எடுத்துக் கொடுத்தேன். ராசியாகிவிட்டோம்.

உப்புத் துரு நிற்காது. ஒரு இடத்தில் சுரண்டி பெயிண்டு அடித்தால் இன்னொரு இடத்தில் தலை நீட்டும். நாங்கள் சுரண்டுவதைப் பார்த்து மீன் வண்டிக்காரர்கள் அவர்கள் வண்டியையும் கொண்டுவந்து காட்டினார்கள். கடற்கரையில் ஓடுகிற வண்டி எல்லாவற்றுக்கும் அதே வியாதிதானே. அப்படியே ஒரு கொட்டகை போட்டோம். இன்றைக்கு ஈசிஆர் ஓரத்தில் எங்கள் வொர்க்‌ஷாப் இருக்கிறது. ஏசி கிடையாது. தரையில் முகம் தெரியாது. அன்வரின் தங்கைகள் மூன்று பேருக்கும் அந்தக் கொட்டகை வருமானத்தில்தான் கல்யாணம் ஆனது. சித்திரை வெயிலில் ஏதாவது நட்டு கழல மறுத்தால் அன்வர் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொல்வான். "துபாய்ல இருக்க வேண்டியவன்டா நானு."

"துரு நின்னுச்சா?" என்பார் சலீம் பாய். அவர் எப்போதோ ஊரோடு வந்துவிட்டார். தினமும் எங்கள் கடை வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். "நின்னா சொல்லு. இப்பவும் போன் போட்டு வைக்கறேன்."

எங்கள் வீட்டில் பரண் மேல் ஏறுவதற்கு முன்னால், ஸ்டூலில் கால் வைப்பதற்கு முன்னால், யாராவது என்னைப் பார்த்து "தாங்குமா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. என் பெண் காது குத்தலில் மைக் என் பக்கம் வந்தபோது என் மனைவி, அன்வர், சலீம் பாய் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வீட்டில் யாருக்காவது நன்றி சொன்னால், "எதுக்குன்னு சொல்லாத, பேரோட நிறுத்திக்கோ" என்று என் பெண்ணே சொல்கிறாள். அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த சங்கதி இது.

அம்மா அந்தப் பொன்னாடையை டிவி மேல் போர்த்தி வைத்திருக்கிறாள். 'சக்கரம்' புத்தகமும் இருக்கிறது. வருகிறவர்களுக்கு டயர் கடை விளம்பரத்தைத் திறந்து காட்டுவாள். "இதுலதான் எங்க பேரு இல்ல" என்பாள் பெருமையாக.

எங்கள் ஐடிஐயில் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். எல்லோரும் ஏதாவது எழுத வேண்டும் என்றார்கள். இந்த முறையும் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் இதை எழுதினேன். எழுதி முடித்து அன்வரிடம் படிக்கக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று முழுக்கப் படித்தான். கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

"கடைசியில நன்றி கின்றி எதுவும் போடலயே?" என்றான்.

போடவில்லை.